டயர் பார்க்கும் இடம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலைப் பேருந்தில் நான் ஆசைப்பட்டு ஏறுவதில்லை. ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் பதவியை, கூட்டத்துக்கு வராதவனைத் தேர்ந்தெடுக்கும் நம் வழக்கப்படி, நான் பல் வலியோடு வீட்டில் படுத்திருந்த ஒரு நாளில் என் தலையில் கட்டிவிட்டார்கள். சங்க அலுவலகம் விழுப்புரத்தில் இருக்கிறது. வருவாய்த்துறையில் ஆயுளைக் கழித்தவன் என்பதால், எந்த மனு எந்த மேசைக்குப் போகும், அங்கே எப்படித் தூங்கும், அதை எழுப்ப யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இப்படித் தெரிந்து வைத்திருப்பவனுக்கு நம் பக்கத்தில் ஒரு தண்டனை உண்டு. தெரியாதவர்கள் எல்லாருக்கும் அவன் சாகும்வரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பேருந்தின் நடத்துநருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. வாயைத் திறந்தால் வசைதான். "உள்ள போ, உள்ள போ. படியில தொங்கிக்கினு வர்றதுக்கு நீ என்னா வவ்வாலா?" என்று கல்லூரி மாணவர்களைத் துரத்துவார். குடையோடு ஏறுகிறவர்களைப் பார்த்து, "கூரை இருக்குது, மடக்கு" என்பார். என்னை முதலில் "பெருசு" என்று கூப்பிட்டார். நான் என்ன வேலையில் இருந்தேன் என்று யாரோ சொன்ன பிறகு "சார் பெருசு" ஆனேன். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை, மழை அடிக்கிறது என்று ஒருமுறை புகார் சொன்னேன். "நனையாத எடமாப் பாத்து உக்காருங்க சார். நான் என்னா வானத்துக்கா டிக்கெட் குடுத்தேன்?" என்று கேட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்.

அது எக்ஸ்பிரஸ் வண்டி. அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தங்களைத் தவிர வேறெங்கும் நிற்கக் கூடாது. ஆனால் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் விக்கிரவாண்டிக்கு முன்னால் ஓர் இடத்தில் ஓட்டுநர் நான்குவழிச் சாலையை விட்டு சர்வீஸ் ரோட்டில் இறங்குவார். உடனே நடத்துநர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். "அண்ணே, பின்டயர்ல என்னமோ சத்தம் வருது, எறங்கிப் பாருங்க." ஓட்டுநர் இறங்கிப் பின்பக்கம் போய் டயரை ஓர் உதை உதைத்துவிட்டு வந்து உட்காருவார். வண்டி கிளம்பும்.

திங்கள், புதன், வெள்ளியில் அந்த டயர் ஊமையாக இருந்தது. பழக்க தோஷத்தால் நான் மனதுக்குள் ஒரு புகார் மனு எழுதத் தொடங்கியிருந்தேன். 'தடத்தில் அங்கீகாரமற்ற நிறுத்தம்' என்று பொருள்கூடப் போட்டாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை தற்செயலாக முன் இருக்கை கிடைத்தது. ஓட்டுநர் பின்னால் போய் டயரை உதைக்கும் நேரத்தில், காலனிக்குப் பிரியும் மண்சாலையின் முனையில் நின்ற ஒரு பெண்மணி, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீங்கிய காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து முன்படியில் ஏறினார்.

"யம்மா, இங்க ஸ்டாப்பிங் இல்லன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று நடத்துநர் கத்தினார். "ஏறித் தொலைச்சிட்ட, இனிமே எறக்கியா விட முடியும்?" அதே மூச்சில் முதல் இருக்கையில் இருந்தவனிடம் திரும்பினார். "யோவ், ஏந்துரு. அந்தம்மா காலப் பாத்தியா, யானக்காலு மாதிரி வீங்கிக் கெடக்குது."

அந்த அம்மாள் பிறகு ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது விவரம் சொன்னார். நடவு, களை என்று வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. விழுப்புரத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். காலை முறையில் அவருக்கு இடம். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் ஒன்று அவர்கள் ஊர் வழியாகப் போகிறது, ஆனால் அது வந்து சேர்வதற்குள் காலை முறை தொடங்கிவிடும். பிந்தினால் காத்திருக்கும் அடுத்தவரைப் படுக்க வைத்துவிடுவார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது, அவரும் நோயாளிதானே.

"கண்டக்டர் இப்படித் திட்டுகிறாரே?" என்றேன்.

"வாயி அப்பிடிங்க ஐயா. வாயப் பாத்தா பஸ்ஸு ஏற முடியுமா?" என்றார்.

மனதிலிருந்த மனுவைக் கிழித்துப் போட்டேன். நாட்டில் ஏதோ ஓர் இடத்தில், யாரும் ஒப்புக்கொள்ளாமல், ஒரு காரியம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது. நான் அதில் கை வைக்காமல் இருப்பதே நான் செய்யக்கூடிய பெரிய சேவை என்று முடிவு செய்தேன். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இப்படி முடிவெடுப்பது எவ்வளவு அரிது என்பது அந்த வர்க்கத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நம் ஜனங்களுக்கு நன்றியுணர்ச்சி என்று ஒரு வியாதி இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி சர்வீஸ் ரோட்டில் இறங்கியபோது மண்சாலையின் முனையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. கல்யாண வீட்டு அளவு. மேலே தலைவர்கள் வரிசை. நடுவில் ஓட்டுநர் கைகூப்பி நின்றார். பக்கத்தில் நடத்துநரின் தலை, யாருடைய உடம்பிலோ பொருத்தப்பட்டு, கோட்டும் கூலிங்கிளாஸுமாக இருந்தது. 'நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிறுத்தும் நெஞ்சங்களுக்கு நன்றி' என்று பெரிய எழுத்து. அதன் கீழே வண்டி எண், தடம், கிழமைகள், வந்து நிற்கும் நேரம். கடைசியில் காலனி இளைஞர் மன்றத்தார் எல்லாருடைய முகங்களும் தபால்தலை அளவில். ஒரு குற்றப்பத்திரிகைக்கு வேண்டிய இடம், நேரம், எதிரிகள், சாட்சிகள் என அனைத்தும் நான்கு வண்ணத்தில் அச்சாகிக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தன.

நடத்துநர் அதைப் பார்த்தார். அன்றைக்கு டயர் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாளையும் திட்டவில்லை. அவர் வாய்மூடிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல்முறை.

திரும்பும்போது அங்கே இறங்கிக்கொள்ளக் கேட்டேன், இறக்கிவிட்டார். மன்றத் தலைவன் முப்பது வயது ஆள், செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பேனரை உடனே கழற்றச் சொன்னேன்.

"ஏன் சார்? நல்லது செஞ்சா பாராட்டணும் இல்லீங்களா?"

"பாராட்டலாம்பா. வேலைக்கு உலை வைக்கக் கூடாது."

"எங்க காலனி வாசல்ல இதுவரைக்கும் எந்த பஸ்ஸு சார் நின்னுக்குது? அத்த நாங்க சொல்லாம வேற யாரு சார் சொல்லுவா?"

எனக்கு விதிதான் தெரியும். "எடுத்துடு" என்று மட்டும் மறுபடி சொன்னேன்.

"இப்பத்தான் சார் கட்டுனோம். ஒரு வாரமாவது இருக்கட்டும்."

ஒரு வாரம் தேவைப்படவில்லை. காலனிக்குக் கொஞ்ச தூரம் தள்ளி ஊர் இருக்கிறது. பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான், மற்றபடி சுடுகாடு முதல் எல்லாம் இரண்டு. ஊரில் ஒரு விவசாயி உண்டு. மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுவார், அறுவடை முடிந்தால் மனு போடுவார். தெருவிளக்கு, வாய்க்கால், ரேஷன் கடை எடை, எதையும் விட்டதில்லை. திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் அவர் முகம் தெரியாத அதிகாரி கிடையாது. அவர் அந்தப் பேனரைச் செல்போனில் படம் பிடித்து, அச்சடித்து, மனுவோடு இணைத்துவிட்டார். காலனியில் எக்ஸ்பிரஸ் நிற்கலாம் என்றால் ஊர் வாசலில் ஏன் நிற்கக் கூடாது என்பது அவருடைய கேள்வி.

மனு போக வேண்டிய பாதையில் பிசகாமல் போனது. நல்ல மனு மூன்று மாதம் தூங்கும். இந்த மாதிரி மனுவுக்குத் தூக்கமே வராது. பணிமனையிலிருந்து ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வண்டியில் ஒரு பரிசோதகர் ஏறி உட்கார்ந்துகொண்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை நாங்கள் நான்குவழிச் சாலையிலேயே போனோம். சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் அந்த அம்மாள் கையை உயர்த்தினார். வண்டி போகிற வேகத்தைப் பார்த்து, உயர்த்திய கையாலேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நடத்துநர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பரிசோதகர் கவனிக்காத நேரத்தில் ஓட்டுநர் மட்டும் பக்கக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.

அன்று மாலை நான் திரும்பி வந்த வண்டியில் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அந்த அம்மாள் ஏறினார். முகம் வீங்கியிருந்தது. காலையில் பிந்திவிட்டதால் கடைசி ஆளாகப் படுக்க வைத்து, மிஷினை முழு நேரமும் ஓட்டாமல் எடுத்துவிட்டார்களாம்.

"இப்படியே ரெண்டு வாட்டி போனா மூச்சு வாங்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றார். நிறுத்தத்துக்கு வழி செய்கிறேன், மனு எழுதுகிறேன் என்று நான் ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார். "பஸ்ஸு எங்க வேணா நிக்கட்டுங்க ஐயா. மிஷினு எனக்காவ நிக்காது."

அடுத்த நாள் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நடத்துநர் என்னைத் தேடி வந்தார். டீக்கடை ஓரமாகக் கூட்டிப்போய் மெமோவை நீட்டினார்.

"சார் பெருசு, இதுக்குப் பதில் எழுதிக் குடுங்க. நிறுத்தவே இல்லன்னு எழுதுங்க."

"பேனர் இருக்கிறதே. மறுத்தால் பொய் சொன்னதற்கும் சேர்த்துப் போடுவார்கள்."

"சரி, நிறுத்துனோம்னு எழுதுங்க."

"ஒப்புக்கொண்டால் தண்டனை உண்டு. இனி நிறுத்த மாட்டேன் என்று உறுதியும் கேட்பார்கள்."

"அது முடியாது சார். நாளைக்கி நிறுத்தணும் இல்ல."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "நிறுத்தவும் இல்லை, ஆனால் இனியும் நிறுத்துவேன் என்று எழுத எந்த அலுவலக நடைமுறையிலும் இடமில்லை."

"இத்தினி வருஷம் கவர்மெண்ட்ல என்னாதான் சார் பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று டீயை உறிஞ்சினார். கொஞ்சம் பொறுத்து, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல், "அந்தம்மா வந்துச்சா சார்? நேத்து எதுல போச்சு?" என்றார்.

டவுன் பஸ்ஸில், என்றேன். டீ கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டு, "பேஜாரு புடிச்ச பேனரு" என்று எழுந்து போய்விட்டார்.

விளக்கத்தை நான்தான் எழுதினேன். பொய் இல்லாமல் எழுதினேன். நிறுத்தியது உண்மை, நிறுத்தியது உயிர் காக்கும் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்காக, அவ்விடத்தில் முறையான நிறுத்தம் வழங்கினால் தவறு தானே நீங்கும் என்று மூன்று பத்தி. என் பணிக்காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு குறிப்பு வைத்ததில்லை.

நிறுத்தத்துக்கு ஊராட்சித் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கு ஊரும் காலனியும் ஒன்றாகக் கை தூக்க வேண்டும். அதற்கு அந்த மனுக்காரர் மனம் வைக்க வேண்டும். அன்றே வெயில் தாழ்வதற்குள் அவர் வீட்டுக்குப் போனேன். சர்வீஸ் ரோட்டில் பாதியை அடைத்து மல்லாட்டை காயப் போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். சாலையில் விளைச்சலை உலர்த்துவது குற்றம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நீங்கள் போட்ட மனுவால் ஒரு பெண்மணியின் உயிர் ஊசலாடுகிறது" என்றேன்.

"நான் அந்தம்மா மேலயா மனு போட்டேன்? பஸ்ஸு மேல போட்டேன்."

"அவர் எதற்காக அங்கே ஏறுகிறார் என்று தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு வந்தீங்களா? எங்க நெலத்துல நட்டவங்க சார் அவங்க. அவங்க நட்டா வரிசை கோடு போட்ட மாதிரி இருக்கும்." கிளறுவதை நிறுத்தினார். "எங்க ஊரு பொண்ணுங்க காலேஜுக்குப் போவ அடுத்த ஸ்டாப்பிங்குக்கு நடந்து போவுது. அதுங்களுக்கு டயர்ல சத்தம் வராதா?"

அதுவும் நியாயமாக இருந்தது. இந்த வேலையில் எரிச்சலூட்டுவதே இதுதான். முட்டாள் என்று நினைத்துப் போனால் ஆளுக்கொரு நியாயத்தை மடியில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"அப்படியானால் மனுவை வாபஸ் வாங்குங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து நடுவில் ஒரு நிறுத்தம் கேட்போம்."

"போட்ட மனுவ வாபஸ் வாங்குற பழக்கம் எங்க பரம்பரையிலியே இல்ல."

"சரி, புது மனு?"

"அது போடலாம்" என்றார், முகம் கொஞ்சம் மலர்ந்து.

"அது நடக்கும்வரை அந்த அம்மாள் என்ன செய்வார்?"

அவர் மறுபடி மல்லாட்டையைக் கிளறத் தொடங்கினார். இந்த ஆளிடம் இதற்கு மேல் மூச்சை வீணாக்குவதில்லை என்று திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை காலை எங்கள் வண்டி, அந்த ஊருக்கு முந்தைய அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தத்தில் நின்றது. அங்கே ஒரு பழைய மொபெட். அதைப் பிடித்தபடி மனுக்காரர் நின்றார். பின் இருக்கையிலிருந்து அந்த அம்மாள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"புடவையச் சுருட்டிப் புடிம்மான்னா கேக்குதா? சக்கரத்துல மாட்டியிருந்தா என்னா ஆவுறது?" என்று அவர் கத்தினார். நடத்துநர் படியிலிருந்து பதிலுக்குக் கத்தினார். "ஜல்தி ஏத்தி வுடுய்யா. மனு எழுத மட்டும் வேகமா எழுதத் தெரியுதில்ல."

"உனக்கு மெமோ பத்தலடா. இன்னொண்ணு எழுதுறேன் இரு" என்றார் மனுக்காரர். ஆனால் அந்த அம்மாளின் பையை வாங்கி, அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறும்வரை வைத்திருந்து, பிறகு உள்ளே நீட்டினார்.

ஊர்க்காரர் ஒருவர் காலனிப் பெண்மணியைத் தன் வண்டியில் உட்கார வைத்து, ஊர் டீக்கடையைத் தாண்டி, எல்லாரும் பார்க்க ஓட்டி வந்திருக்கிறார். இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் விளங்கும். டீக்கடையில் ஏதோ பேசியிருக்கிறார்கள். "மனு போட்டுடுவேன்" என்று இவர் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டதாம். செவ்வாயும் வந்தார், வியாழனும் வந்தார். ஒரு நாள் தவறவில்லை, ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இதற்கு யாரும் பேனர் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று நான் காலனிக்குப் போய் மன்றத் தலைவனை நேரில் எச்சரித்துவிட்டு வந்தேன். "சின்னதா சார்..." என்று இழுத்தான். நான் முறைத்ததும் விட்டுவிட்டான்.

பணிமனை மேலாளரையும் போய்ப் பார்த்தேன். மெமோவுக்கான விளக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு என்னை வருத்தத்தோடு பார்த்தார். "டயர்ல சத்தம்னு ஒரே வரி எழுதியிருந்தா நானே முடிச்சிருப்பேன் சார். நீங்க இவ்வளவு அருமையா எழுதிட்டீங்க, மேல அனுப்பாம இருக்க முடியல." கடைசியில் இருவரையும் எச்சரிக்கையோடு விட்டதும், நிறுத்தம் கேட்டுப் பரிந்துரை எழுதியதும் அவர்தான். அதையும் ஏதோ பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர்போல்தான் கொடுத்தார்.

அடுத்து வந்த கிராம சபையில் நிறுத்தம் வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். எங்கே என்பதில் நாற்காலி தூக்காத குறை. ஊர் வாசலா, காலனி முனையா, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறுபாலமா? பாலம் யார் பக்கம் நெருங்கியிருக்கிறது என்று அளக்கப் போனார்கள். கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம், உங்களுக்கு எது வசதி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"பாலமே இருக்கட்டுங்க. பாலம்னாத்தான் ரெண்டு பக்கத்துக்காரங்களும் வந்து நிப்பாங்க. எவ்ளோ பேரு நிக்கிறாங்களோ அவ்ளோ நேரம் பஸ்ஸு நிக்கும். எனக்கும் ஏற நேரம் கெடைக்கும்."

தீர்மானத்தில் அந்தக் காரணத்தை எழுத முடியாது. 'பொதுமக்களின் பரவலான வசதியை முன்னிட்டு' என்று எழுதினேன்.

ஆணை வந்து, பாலத்தருகே வண்டி நிற்கத் தொடங்கிய முதல் செவ்வாய்க்கிழமை, ஊர்ப் பெண்கள், கல்லூரிப் பைகள், சோற்று டப்பாக்கள் என்று பெரிய கூட்டம். எல்லாரும் ஏறினார்கள். அந்த அம்மாளைக் காணவில்லை.

நடத்துநர் விசில் அடிக்கவில்லை. "ஆணைப்படி ஒரு நிமிஷம்தான்" என்று ஓட்டுநர் நினைவுபடுத்தினார். உள்ளே ஒருவன் ஆபீசுக்கு நேரமாகிறது என்றான். "அவ்ளோ அவசரம்னா எறங்கித் தள்ளு" என்றார் நடத்துநர். நான் ஜன்னல் வழியே காலனிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். முந்தைய சனிக்கிழமை இறங்கும்போது அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

காலனிப் பக்கமிருந்து மொபெட் வந்தது. பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார், முந்தானையைச் சுருட்டி மடியில் இறுக்கியபடி.

"நடந்தே வர்றேன்னு கெளம்பிச்சு சார், பாதியில உக்காந்துக்கினு இருந்தது" என்று மனுக்காரர் யாரிடமோ புகார் சொல்வதுபோல் சொன்னார். "காலு முடியலன்னா சொல்லி அனுப்புறதுக்கு என்னா? சொல்ல மாட்டாங்களாம். ரோஷம்."

"ஸ்டாப்பிங்குதான் வந்துடுச்சே, இன்னமும் உங்க வண்டில வரணுமான்னு பாத்தேன்" என்றார் அந்த அம்மாள்.

"அப்பறம் எதுல வருவ? நாளான்னிக்கும் வந்து நிப்பேன். வாசல்லியே இரு."

இரண்டு பெண்கள் கைகொடுத்து அவரை மேலே ஏற்றினார்கள். அவர்கள் ஊர்ப் பெண்கள். முன்னிருக்கை தானாகவே காலியானது. நடத்துநர் விசில் அடித்தார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி நெரிசலில் ஓட்டுநர் எந்தச் சந்தில் நுழைந்து எப்படி வந்தார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை, அதிலும் ஏதாவது விதி இருக்கும்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவர் இறங்கினார். காலை முறைக்கு இன்னும் நேரம் இருந்தது. நுழைவாயில் வரை மெதுவாக நடந்து, காவலாளியிடம் எதையோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போவதைப் பார்த்தேன். வண்டி நகரவில்லையே என்று திரும்பினேன். நடத்துநரும் விசிலை வாயில் வைத்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் முகம் கடுகடுத்தது.

"என்னா சார் வேடிக்கை? விழுப்புரம் வந்தா சொல்றேன், தூங்குங்க" என்றார்.